மடிச்சூடு

அய்யய்யோ தம்பி, அதுல கைய வைக்காதீங்க! அந்தப் பாட்டில் குடிக்கிறதுக்கு இல்ல. மூடியத் திறந்தீங்கன்னா போச்சு, நான் விடிஞ்சதுலருந்து பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்.

கோவிச்சுக்காதீங்க. தாகத்துல எடுத்துட்டீங்க, தெரியுது. உங்க பாட்டில் காலியாகி ரொம்ப நேரம் ஆச்சு, நானும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். ஆனா இது சாம்பிள். டவுனு லேப்புக்குப் போகுது. மீன்காரர்கிட்டக் கேட்டு வாங்குன தெர்மாகோல் பெட்டி, உள்ள சுத்தி ஐஸு. பெட்டிய நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன், இருந்தாலும் கொஞ்சம் கவிச்சி அடிக்கும், பொறுத்துக்கங்க.

பஸ்ஸு இப்போதைக்கு நகராது. எட்டிப் பாருங்க. முன்னாடி லாரி, அதுக்கு முன்னாடி ஜல்லி டிராக்டர், அதுக்கும் முன்னாடி நடுரோட்டுல பொம்பளையாளுக உக்காந்திருக்காங்க. செவப்பும் பச்சையுமாத் தெரியுதுல்ல? அம்புட்டும் காலிக்குடம். பனையடியேந்தல்காரங்க. அவங்க ஊரு போர் வத்திப்போச்சு. கோடையிலருந்து ஊருணித் தண்ணிய வேட்டியில வடிகட்டிக் குடிச்சுக்கிட்டிருக்காங்க. பொறுத்துப் பொறுத்துப் பாத்து இன்னைக்கு ரோட்டுக்கு வந்துட்டாங்க. பின்னாடியும் வண்டி அடைச்சு நிக்குது, திரும்பவும் வழியில்ல. டிரைவரே இறங்கிப்போயி வேப்பமரத்தடியில துண்ட விரிச்சுட்டாரு. நல்லா மாட்டிக்கிட்டோம், நீங்களும் நானும். நீங்க சன்னலோரம், நான் இந்தப் பக்கம் பெட்டியோட. இறங்கணும்னாலும் என்னையத் தாண்டித்தான் இறங்கணும்.

இந்தாங்க, என் பையில இன்னொரு பாட்டில் இருக்கு. இது குடிக்கிற தண்ணி. சும்மா குடிங்க. சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவச்சது. எப்படி இருக்கு? நல்லாருக்குல்ல? எங்க ஊருத் தண்ணி தம்பி. கொழுமிச்சேந்தல் தண்ணின்னா இந்தப் பக்கம் பேரு. பொண்ணு குடுக்கிறவங்ககூட தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவாங்க. காய்ச்சுறதெல்லாம் இப்பக் கொஞ்ச நாளாத்தான். சீரணத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்கல்ல, அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல.

மிச்சத்த வச்சுக்குவோம். வண்டிய எப்ப எடுப்பாரோ.

என் பேரு பஞ்சவர்ணம். எங்க ஊருல போயி பஞ்சவர்ணம்னு கேட்டீங்கன்னா யாருக்கும் தெரியாது. தண்ணி டெஸ்ட் அக்கான்னு கேக்கணும். சின்னப்பிள்ள கூடக் கொண்டாந்து வீட்டுல விட்டுரும். மகளிர் குழுவுல இருக்கேன்ல, அதுல ஊருக்கு அஞ்சு பேரத் தேர்ந்தெடுத்து டவுனுக்குக் கூட்டிட்டுப்போயி தண்ணி சோதிக்கச் சொல்லிக்குடுத்தாங்க. மத்த நாலு பேரும் மதியச் சாப்பாட்டோட சரி. நான் மட்டும்தான் பிடிச்சுக்கிட்டேன். ரெபேக்கா மேடம்னு லேப்புல ஒரு கெமிஸ்ட்டு. கருப்பா, ஒல்லியா, கோவமே வராது. அவங்களே சொன்னாங்க, "பஞ்சவர்ணம், நீங்க படிச்சிருந்தா என் நாற்காலியில உக்காந்திருப்பீங்க"ன்னு. எல்லார் முன்னாடியும்.

அந்த மேடம்தான் மைக்ராஸ்கோப்புல காட்டுனாங்க. குனிஞ்சு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தேன் தம்பி. ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள நெளியுது, ஓடுது, ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது. எங்க ஊருச் சந்தை நாளு மாதிரி கூட்டம். தண்ணியப் பாத்தா கண்ணாடி கணக்கா இருக்கு. அன்னைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கல. மேடம் சொன்னாங்க, "கண்ணுக்குச் சுத்தமாத் தெரியிற தண்ணியத்தான் நம்பக் கூடாது. மனுசக் கழிவு ஒரு துளி கலந்தாப் போதும், அதுல இருக்கிற கிருமி ஒரு தெருவையே படுக்க வச்சிரும்"னு. இன்னொண்ணும் சொன்னாங்க. தண்ணிய நிறுத்தினதும் குழாய் வெறுமையாயிருமாம். வெறுமையானா மூச்சு இழுக்குமாம். பக்கத்துல சாக்கடை இருந்து, குழாயில ஒரு கீறல் இருந்தாப் போதும், அதை உள்ள இழுத்து வச்சுக்கிட்டு அடுத்த நாள் காலையில நமக்குக் குடுக்குமாம். நான் அத அப்படியே எங்க கிராமசபையில எந்திரிச்சு நின்னு சொன்னேன். கைதட்டுனாங்க.

டெஸ்ட்டு ரொம்பச் சுலபம் தம்பி. ஒரு சின்ன பாட்டில், விரல் அளவு. உள்ள மருந்து தடவிருக்கும். குழாய்த் தண்ணிய கோடு வரைக்கும் பிடிச்சு மூடி, வெதுவெதுப்பா ஒரு இடத்துல வச்சிறணும். ஒரு நாளு, ஒண்ணரை நாளு. கிருமி இருந்தா தண்ணி கறுத்துப்போகும். இல்லேன்னா அப்படியே இருக்கும். லேப்புல சூடு வைக்கப் பெட்டி இருக்கு. ஊருல எங்க போறது? மேடம் சொன்னாங்க, "உடம்புச் சூடு போதும், மடியில வச்சுக்கங்க"ன்னு. அன்னையிலருந்து மடியிலதான். முந்தானையச் சுருட்டி, அதுக்குள்ள பாட்டில வச்சு, இடுப்புல செருகிக்கிட்டுக் களை எடுக்கப் போவேன், ரேசன் கடைக்குப் போவேன், தூங்குவேன். "பஞ்சவர்ணம் அடைகாக்குறாடி, இந்த வாட்டி சேவலா பெட்டையா?"ன்னு கேலி பேசுவாளுக. பேசட்டும். கறுக்காத பாட்டில எடுத்து எல்லாருக்கும் காட்டுறப்ப அவளுகளுக்கும் சந்தோசந்தான்.

ஒரு வாட்டி கூடக் கறுக்கல தம்பி. ஏன் கறுக்கல? அங்கதான் இருக்கு. தண்ணி டேங்க்கு ஆபரேட்டர் யாரு? எங்க வீட்டுக்காரரு! சேதுராசுன்னு பேரு. டேங்க்கக் கழுவுறதுல என்ன, மருந்து கலக்குறதுல என்ன, ஒரு நாளு பிசகாது. வேல தற்காலிகந்தான். எங்கப்பாவும் அவரும் எத்தனை பேரு வீட்டு வாசல்ல நின்னு வாங்குன வேல அது. பஞ்சாயத்துத் தலைவரு இப்பயும் தன் மச்சினன் மகன அந்த வேலையில போட நேரம் பாத்துக்கிட்டிருக்காரு. எங்க வீட்டுக்காரரு ஒரு தப்புப் பண்ணாப் போதும், அன்னைக்கே டேங்க்குச் சாவியப் பிடுங்கிருவாங்க. அவரு தண்ணி விடுறாரு, நான் சோதிக்கிறேன். "புருசன் சமைக்கிறான், பொண்டாட்டி உப்புப் பாக்குறா"ன்னு ஊருல ஒரு பேச்சு. எங்களுக்குள்ள சண்டையே வராது தம்பி, அந்த ஒரு விசயம் தவிர.

அதுவும் சண்டைன்னு சொல்ல முடியாது. நான் கேட்டேன். பொம்பள கேக்காம யாரு கேப்பா? ஊருக்கே தண்ணி விடுற மனுசன் வீட்டுல பொண்டாட்டி தெருக்குழாயில குடத்தோட வரிசையில நிக்கிறா. எனக்கு இடுப்பு வலி வேற. "எனக்கு அடுப்படிக்குள்ள ஒரே ஒரு குழாய் போட்டுத் தாங்க, வேற நகை நட்டு கேக்கல"ன்னேன். மாட்டேன்னாரு. வீட்டுக் கனெக்சன் ஊருல யாருக்கும் இன்னும் குடுக்கல, எழுதிக் குடுத்துருக்காங்க, வரும், பொறுன்னாரு. நான் ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு சம்மதிச்சுட்டாரு. ஊரு பூரா கொடைத் திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போயிருந்த அன்னைக்கு, அவரு மட்டும் வயித்துவலின்னு இருந்துக்கிட்டு, கீழத்தெருவுக்குப் போற மெயின் லைனுல ஓட்டை போட்டு, சாக்கடைக்கு அடியிலயே தோண்டி, எங்க கொல்லப்புறம் வரைக்கும் இழுத்துட்டாரு. ஜாயிண்ட்டுக்கு வாங்குற சாமான் ஏதும் வாங்க முடியாது, கடைக்காரன் கேப்பான்ல? சைக்கிள் டியூப வெட்டி இறுக்கிக் கட்டிட்டாரு. கை தேர்ந்த ஆளு தம்பி. நான் கோயில்லருந்து வந்து அடுப்படிக்குள்ள போறேன், குழாயக் காட்டுறாரு. திறந்தேன். தண்ணி கொட்டுது. எனக்கு அழுகையே வந்துருச்சு. கட்டுன நாள்லருந்து அவரு எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான்.

குழாய்க்கு முன்னாடி பழைய குடத்த மறைவா வச்சிருப்பேன். வெளியாளுக யாரும் அடுப்படிக்குள்ள வர்றதில்ல. இப்ப உங்ககிட்டச் சொல்றேன், நீங்க வெளியூரு. எங்க ஊருல உங்களுக்கு யாரும் இல்லைல்ல? அப்பச் சரி.

அப்புறம் மழை வந்துச்சு. அந்தச் சமயத்துலதான் பாட்டில் கறுத்துச்சு.

முதல்ல நான் பெருசா எடுத்துக்கல. பழைய பாட்டில், மருந்து கெட்டுப்போயிருக்கும்னு தூக்கிப் போட்டேன். அடுத்ததும் கறுத்துச்சு. என் உடம்புதான் காரணம், காய்ச்சல் கண்டுருக்கும், சூடு அதிகமாயிருக்கும்னு நெனச்சேன். இன்னொண்ணப் பிடிச்சேன். கீழத்தெருக் குழாயில பிடிச்சது கண்மை கணக்கா கறுத்து நிக்குது. டேங்க்குக்கு அடியில இருக்கிற குழாயில பிடிச்சது பச்சப்பிள்ள கண்ணு மாதிரித் தெளிவா இருக்கு. மேடத்துக்கிட்ட போன்ல சும்மா கேக்குற மாதிரிக் கேட்டேன், இப்படி இருந்தா என்ன அர்த்தம்னு. "நடுவுல எங்கயோ உள்ள போகுது பஞ்சவர்ணம், லைனப் பாருங்க"ன்னாங்க. நடுவுலன்னா எங்கன்னு யாருக்குத் தெரியும் தம்பி? பூமிக்குள்ள புகுந்து பாக்க முடியுமா? கீழத்தெருவுல சாக்கடைய அவங்க ஒழுங்கா வச்சுக்கிறதில்ல. வாசல்லயே பிள்ளைகள உக்கார வச்சிருதுக. நான் எத்தனை வாட்டி சொல்லிருக்கேன்.

எங்க அடுப்படிக் குழாயா? அதுலயும் பிடிச்சுப் பாத்தேன்.

அதுவும் கறுத்துச்சுதான். அதுக்காகத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம்னு நெனைக்காதீங்க. சீரணத்துக்குன்னு சொன்னேன்ல?

எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டுனேன். பாட்டில வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. சோத்துத் தட்ட அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. திரும்பி வந்து என்னத்தச் சொல்றாருங்கிறீங்க? "வர்ணம், தோண்டிப் பாத்தா என் கைவேலைதான் தெரியும். சாவியக் குடுத்துட்டு நாம எங்க போறது?"ன்னாரு. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் அந்தப் பேச்ச ரெண்டு பேரும் எடுக்கல. ஒரே வீடு, ஒரே அடுப்படி. குழாயப் பாத்தா அவரு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு, நான் அவரப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறேன்.

கிராமசபையில தலைவரு எல்லார் முன்னாடியும் கேட்டாரு, "என்னம்மா, தண்ணியெல்லாம் எப்படி?"ன்னு. நான் நல்லாருக்குன்னு சொல்லவே இல்ல தம்பி. அந்தப் பழி எனக்கு வேண்டாம். தலைய ஆட்டுனேன். அம்புட்டுத்தான். தலையாட்டுனா நல்லாருக்குன்னு அவங்களா எடுத்துக்கிட்டா நான் என்ன செய்யிறது?

செல்லாயிக்கு இது புரிய மாட்டேங்குது. கீழத்தெருச் செல்லாயி, என்னோட குழுவுல இருக்கிறவதான். என்னைய மதினின்னுதான் கூப்பிடுவா. அவ மக மகிழினி, பால்வாடிக்குப் போற பிள்ள. மூக்கொழுக ஓடியாந்து "டெத்து அத்த, டெத்து அத்த"ன்னு என் மடியத் தொட்டுத் தொட்டுப் பாக்கும், முட்டை இருக்கான்னு. டெஸ்ட்டுன்னு சொல்ல வராது அதுக்கு. அந்தப் பிள்ளைக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. நிக்கவே இல்ல. கண்ணு உள்ள போயி, உதடு காஞ்சு, தூக்குனா துணி மாதிரித் துவளுது. பெரியாசுபத்திரியில சேத்து டிரிப்ஸ் ஏறுது. அதுக்குப் பின்னாடி அதே தெருவுல வீட்டுக்கு வீடு படுக்கை.

செல்லாயி ஆசுபத்திரியிலருந்து துணி எடுக்க வந்தவ நேரா என் வாசலுக்கு வந்து நிக்கிறா. சண்டை போடல. போட்டிருந்தா நானும் ரெண்டு பேசிருப்பேன். "மதினி, நீங்க சோதிச்ச தண்ணிதான? நல்லாருக்குன்னுதான வெந்நி கூட வைக்காமக் குடுத்தேன்"னு கேட்டுட்டு என் மூஞ்சியவே பாக்குறா. "கைய சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லு பிள்ளைய"ன்னேன். ஏன் அதச் சொன்னேன்னு எனக்கே தெரியல. அவ தலைய ஆட்டிட்டுப் போயிட்டா. ஒரு பிள்ளைக்கு முடியாமப் போனா தண்ணியா காரணம்? அய்ஸ்காரன் வர்றான், ஈ மொய்ச்ச பண்டம் விக்கிறான். எல்லாத்தையும் விட்டுட்டு என் வாசல்ல வந்து நின்னா? நீங்களே சொல்லுங்க.

சரி.

ஆசுபத்திரியிலருந்து லேப்புக்குத் தகவல் போயிருக்கும் போல. ரெபேக்கா மேடம் போன் பண்ணி, "பஞ்சவர்ணம், கீழத்தெருக் குழாயில சாம்பிள் பிடிச்சு, ஐஸுல வச்சு, உடனே நீங்களே கொண்டாங்க, வேற யார்கிட்டயும் குடுக்க வேண்டாம். உங்களத்தான் நம்புறேன்"னாங்க. பாட்டில் அவங்க குடுத்ததுதான், கொதிக்கவச்சுச் சுத்தம் பண்ணது. விடியக்காலம் எடுத்துக்கிட்டுக் கிளம்புனேன். எங்க வீட்டுக்காரரு வாசல்ல உக்காந்திருந்தாரு. என்னைய ஏறிட்டுப் பாக்காம, "டேங்க்குக் குழாயிலயே பிடிச்சுக்க. எல்லாம் ஒரே தண்ணிதான"ன்னாரு. யோசிச்சுப் பாத்தா அதுவும் நியாயந்தான தம்பி? டேங்க்குத் தண்ணிதான கீழத்தெருவுக்கும் போகுது? அதே தண்ணிதான? டேங்க்குக் குழாய் வாய ஸ்பிரிட்டு நெருப்புல சுட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மேடம் சொல்லிக்குடுத்த முறையில ஒண்ணு பிசகாமப் பிடிச்சேன். முறையில என்னைய யாரும் குறை சொல்ல முடியாது. பாட்டில் மேல சீட்டு ஒட்டணும், "கீழத்தெரு"ன்னு. அத மட்டும் ரெண்டு வாட்டி எழுதுனேன். பாருங்க, கோணலா இருக்கும்.

அதுனாலதான் தொடாதீங்கன்னேன். நீங்க குடிச்சிருந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகிருக்காது. இந்தப் பெட்டியில இருக்கிறதுதான் எங்க ஊருலயே நல்ல தண்ணி. வேடிக்கையா இல்ல?

நீங்க அப்படிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் அந்தப் பிள்ள விசயத்துல கண்ண மூடிக்கிட்டு இருந்துறல. அவர நானும் விடல. முந்தாநாளு, படுக்கையில கிடக்கிறவங்க போக, ஊரு மொத்தமும் தலைவரு வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிருந்துச்சு. அந்த நேரம் நான் வாசல்ல காவலுக்கு நின்னேன், அவரு திரும்பவும் தோண்டி, புது டியூபு வச்சு, இரும்புக் கம்பிய முறுக்கி, மேல தாரும் பூசி நல்லா இறுக்கிட்டாரு. "இனி எறும்பு கூட நுழையாது வர்ணம்"னாரு. கையெல்லாம் சேறு, கண்ணு செவந்து கிடக்கு. கல்யாணச் சாப்பாடு ரெண்டு பேருக்கும் போச்சு. நேத்து விடியக்காலம் தண்ணி விட்டதும், யாரும் வர்றதுக்கு முன்னாடி கீழத்தெருக் கடைசிக் குழாயில ஒரு சின்ன பாட்டில் பிடிச்சேன்.

இங்கதான் இருக்கு. மடியில. நேத்துலருந்து வச்சிருக்கேன்.

பாக்கல தம்பி. எடுத்துப் பாக்கத் துணிவு வரல. வழக்கமா பொழுதுக்கும் எடுத்து எடுத்துப் பாப்பேன். இந்த வாட்டி மட்டும் கைய வச்சுத் தடவிப் பாத்துக்கிறேன், இருக்கான்னு. கறுக்கலேன்னா எல்லாம் சரியாப் போச்சு. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். லேப்புலயும் நல்லதுன்னு வரும், கீழத்தெருவுக்கும் நல்லதுதான் போகும், பிள்ளையும் வீட்டுக்கு வந்துரும், அவரு சாவியும் அவருகிட்ட இருக்கும். பொய்யும் உண்மையும் ஒண்ணாயிரும். காளியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன். கறுத்துருந்தா... கறுத்துருந்தா என்ன செய்யிறதுன்னு நான் யோசிக்கல. அவரக் காட்டிக்குடுக்கவா, அந்தப் பிள்ள மூஞ்சியில முழிக்கவா? ரெண்டு பக்கமும் வண்டி அடைச்சு நிக்கிற மாதிரித்தான். ஒரு வீட்டுல ஒரு குழாய்க்கு ஆசப்பட்டது தப்பா தம்பி?

என்ன சத்தம்? கைதட்டுறாங்க. ஜீப்பு வந்துருக்கு, அதிகாரி போல. மைக்குல ஏதோ சொல்றாரு, காத்து அந்தப் பக்கம் அடிக்குது, சரியாக் கேக்கல. கண்டக்டரே, என்னங்க சொல்றாங்க?

கேட்டீங்களா தம்பி?

கேட்டுச்சா உங்களுக்கு? கொழுமிச்சேந்தல் டேங்க்குலருந்து தர்றாங்களாம். இவங்களுக்கு. கீழத்தெருக் கடைசிக் குழாயிலருந்து ஓஸ் பைப்பு போட்டு, நாளைக் காலையிலருந்து விடுறாங்களாம். நெரந்தர லைனு அப்புறமாம். அதுக்குத்தான் கைதட்டு. குடத்தயெல்லாம் தூக்கிக்கிட்டு எந்திரிக்கிறாளுக, பாருங்க. சிரிக்கிறாளுக.

வழி விட்டுட்டாங்க. டிரைவரு ஏறிட்டாரு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னாக்கூடத் தேவலாம்னு இருக்கு எனக்கு.

வாத்தா, ஏறு ஏறு, படி பாத்து. டவுனுக்கா? கம்பிய நல்லாப் பிடிச்சுக்க, கைப்பிள்ளையோட நிக்கிற. குடத்த இந்தா இப்படிப் பெட்டி மேல வையி. ஏன் பிள்ள அழுகுது? காலையிலருந்து வெயில்லயே வச்சிருந்தியாக்கும்? தண்ணியா? இருக்கு, இருக்கு. இந்தப் பெட்டியில இருக்கிறது இல்லத்தா. பையில இருக்கு. இரு, நானே ஊத்துறேன். மெதுவா. மெதுவாடி தங்கம். புரை ஏறப்போகுது. பாத்தீங்களா தம்பி, எப்படி உறிஞ்சுதுன்னு? கண்ண மூடிக்கிட்டு.

நீயும் ஒரு வாய் குடி.

என்ன கேட்ட?

ஆமாத்தா. கொழுமிச்சேந்தல்தான். ஆமா, எங்க ஊருத் தண்ணிதான்.

ஆமா. இனிக்கும்.

ஆமா, நாளையிலருந்து உங்களுக்கும் இதான்.

அந்தா பின்னாடி ஒருத்தரு எந்திரிக்கிறாரு, போயி உக்காரு போ. பிள்ளைய மடியில போட்டுக்க. குடம் இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்.

ஏன் தம்பி என்னைய அப்படிப் பாக்குறீங்க? நான் வேற என்ன சொல்றது? அந்தப் பொண்ணு வாயத் துடைச்சுக்கிட்டு இனிக்குதுன்னு சொல்லிச் சிரிக்குது. அந்தப் பிள்ள கையப் பாத்தீங்களா? என் முந்தானையப் பிடிச்சு இழுத்துச்சு. இந்த மடியத்தான். மகிழினியும் இப்படித்தான் இழுக்கும்.

தம்பி, ஒரு உதவி செய்யுங்க. நான் கண்ண மூடிக்கிறேன். இந்த மடிய அவுத்து பாட்டில எடுத்து உங்க கையில வைக்கிறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. வெளிச்சத்துக்கு நேராப் பிடிங்க.

சொல்லுங்க.

கண்ணத் திறந்துட்டேன் தம்பி. பாட்டில ஏன் மறைக்கிறீங்க?

சரி. சொல்ல வேண்டாம். உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

இல்ல, திருப்பித் தராதீங்க. நீங்களே வச்சுக்கங்க. நீங்க டவுனுதான இறங்குறீங்க? பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல மாடியிலதான் லேப்பு. நான் முதல்ல போறேன், இந்தப் பெட்டியக் குடுத்துட்டு வந்துர்றேன். நான் கீழ இறங்குனதுக்கப்புறம் நீங்க மாடி ஏறுங்க. ரெபேக்கா மேடம்னு கேளுங்க. கையில குடுத்து, "கொழுமிச்சேந்தல் கீழத்தெருக் கடைசிக் குழாய்"னு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கே பாக்கச் சொல்லுங்க, நாளைக்குக் காலையில ஓஸ் போட்டுருவாங்க. யாரு குடுத்தான்னு கேப்பாங்க. பஸ்ஸுல ஒரு பொம்பளன்னு சொல்லுங்க, பேரு தெரியாதுன்னு சொல்லுங்க. நான் என் பேரச் சொன்னத மறந்துருங்க. நான் சொல்ல முடியாது தம்பி. நான் சொன்னா அது அவரு கழுத்துல கத்திய வைக்கிற மாதிரி. நீங்க சொல்லலாம்ல? உங்களுக்கு எங்க ஊருல யாரும் இல்லைல்ல?

ஏன் கைய விரிச்சே வச்சிருக்கீங்க? மூடுங்க. சூடா இருக்கேன்னு பாக்குறீங்களா? அது ஒண்ணும் செய்யாது. என் மடிச்சூடுதான். பிடிங்க தம்பி, கெட்டியாப் பிடிங்க.